ஆறாவது வரி

பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். படகில் போனவர்கள் ஆறு பேர். ஆறாவது ஆள் என் அப்பா.

நான் இதைக் கண்டது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி கடந்த நேரம், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படகுச் சங்கத்தின் அலுவலகத்தில். பிரிண்டரின் ரிபன் மங்கிவிட்டது என்று அங்கே எழுத்து வேலை பார்க்கும் அக்கா கூப்பிட்டிருந்தார். புதிய ரிபனைப் போட்டேன். பழையது எவ்வளவு மங்கலாக அடித்திருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கோப்பை எடுத்து விரித்தேன். முதல் நாள் பின்னேரம் புறப்பட்ட அப்பாவின் படகினுடைய பட்டியல் மேலேயே கிடந்தது. பதிவு எண், புறப்படும் நாள், ஓட்டியின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை ஆறு. எல்லாம் சரி. அதற்குக் கீழே பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவது பெயருக்குக் கீழே நேராக முத்திரை குத்தும் பெட்டி.

திரும்ப எண்ணினேன். மங்கலில் ஒரு வரி தெரியாமல் போயிருக்கும் என்று தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அது ஊசி குத்தி எழுதும் பழைய வகைப் பிரிண்டர். மை இல்லாவிட்டாலும் தாளில் தடம் இருக்கும். தடமும் இல்லை.

அந்தப் பட்டியலை அச்சிடும் மென்பொருளை எழுதியவள் நான்.

திருகோணமலை நகரத்தில் ஒரு மாடியில் இரண்டு அறைகளோடு இயங்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. முதலாளியும் நானும்தான் நிரல் எழுதுகிறவர்கள். கடைகளுக்கும் சங்கங்களுக்கும் அவர்களுடைய கணினியிலேயே ஓடும் மென்பொருள் செய்து கொடுப்போம். இணையம் நினைத்த நேரம் அறுந்துபோகும் இடங்களுக்கு அதுதான் சரிவரும். படகுச் சங்கத்தின் வேலை வந்தபோது அதை நானே கேட்டு வாங்கினேன். கடலில் பல நாள் தங்கும் ஒவ்வொரு படகும் ஆட்களின் பெயர்ப்பட்டியலை முத்திரையோடு கையில் வைத்திருக்க வேண்டும். அதுவரை அக்கா காபன் வைத்து மூன்று பிரதியாகக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு வைப்பவர்கள். நான் எழுதிய நிரல் அச்சிடும் தாளை அப்பா கடலுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்ற நினைப்பு, அந்த வேலை முடியும்வரை என்னை நிலத்தில் நடக்க விடவில்லை. அது பெருமைதான். அதற்காக இப்போதும் நான் வெட்கப்படவில்லை.

அச்சிடும் பகுதியை முழுவதும் நானே எழுதவில்லை. அப்படி யாரும் எழுதுவதில்லை. உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஒருவர் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம் என்று இணையத்தில் வைத்திருந்த லைப்ரரி ஒன்றை எடுத்துக்கொண்டேன். லைப்ரரி என்பது எங்கள் தொழிலில், மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்வதற்காக ஆயத்தமாக எழுதி வைக்கப்பட்ட நிரல். இந்த லைப்ரரியிடம் தாளை மூன்று பகுதியாகச் சொல்ல வேண்டும்: தலை, நடு, அடி. ஒவ்வொன்றுக்கும் உயரம் கொடுக்க வேண்டும். தலையில் படகின் விவரம், நடுவில் பெயர்கள், அடியில் முத்திரைப் பெட்டி. நடுப்பகுதியில் இடம் போதாமல் வரிகள் மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு தெரிவுகள் இருந்தன. மிஞ்சியதை அடுத்த தாளில் அச்சிடலாம். அல்லது விட்டுவிடலாம்.

முதலில் அடுத்த தாள் என்றுதான் வைத்திருந்தேன். சில வேளைகளில் ஒன்றுமே இல்லாத இரண்டாம் தாள் ஒன்று வெளியே வந்து, காபன் படிவம் வீணாகியது. அக்கா முறைப்பட்டார். எனவே 'விட்டுவிடு' என்று மாற்றினேன். படிவத்தில் ஆறு வரிக்கும், மேலதிகமாக அரை வரிக்கும் இடம் இருந்தது. சங்கத்தின் எந்தப் படகிலும் ஆறு பேருக்கு மேல் போவதில்லை. ஆகவே விடுவதற்கு எதுவும் இருக்காது என்று நினைத்தேன். அந்தத் தெரிவுக்கு மேலேயே, லைப்ரரியை எழுதியவர் நிரலுக்குள் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: இடம் போதாவிட்டால் மிஞ்சும் வரிகள் எந்த அறிவித்தலும் இல்லாமல் கைவிடப்படும், கவனம். நான் அதை வாசித்திருந்தேன். மற்றவர்களைப் போல லைப்ரரியை அப்படியே எடுத்து ஒட்டுகிறவள் இல்லை, உள்ளே போய் வாசிக்கிறவள் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டதும் அதே நாளில்தான்.

பிறகு வந்தது, மேலே இடம் விட்ட கதை.

அக்கா கையால் எழுதிய காலத்தில் தாளின் உச்சியில் ஒரு விரல் அகலம் வெறுமையாக விடுவார். ஓட்டி தாளை வாங்கியதும் முதல் வேலையாக அந்த இடத்தில் பேனையால் தன் அடையாளத்தைப் போடுவார். ஒருவர் பிள்ளையார் சுழி போடுவார், ஒருவர் சிலுவை கீறுவார், கிண்ணியாவிலிருந்து வருகிறவர் 786 எழுதுவார். அது இல்லாத தாளைக் கொண்டு யாரும் படகில் ஏறுவதில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன் நான் ஒரு கிழமை அங்கே இருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதினேன். இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். பரீட்சைத் தாளின் உச்சியில் சுழி போடாமல் நான் ஒரு விடை எழுதியதில்லை.

என்னுடைய படிவத்தில் தலைப்பு தாளின் உச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிகள் பதிவு எண்ணின் மேலேயே சுழியும் சிலுவையும் போட்டு அதை வாசிக்க முடியாமல் பண்ணினார்கள். ஒருவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் போட்டுப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. பழையபடி கையால் எழுதித் தரும்படி கேட்டுக் கதிரையில் இருந்துவிட்டாராம்.

"கம்பியூட்டருக்குச் சாமி இல்லையோ, தங்கச்சி?" என்று அக்கா என்னிடம் கேட்டார். "மேல கொஞ்சம் இடம் விடுங்கோ. ஆர் எதைப் போட்டாலும் போடட்டும்."

பதினைந்து மில்லிமீற்றர் விட்டேன். ஒரே ஓர் எண்ணை மாற்றும் வேலை. தலை அவ்வளவால் வளர்ந்தது. அடி அசையவில்லை. ஆகவே நடு சுருங்கியது. ஒரு பெயருக்கு நான் வைத்திருந்த உயரம் பத்து மில்லிமீற்றர். ஐந்து பேரோடு ஒரு பொய்ப் படகை உண்டாக்கி அச்சிட்டுப் பார்த்தேன். அழகாக வந்தது. ஓட்டிகளுக்கும் பிடித்தது. நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த வியாழக்கிழமை கையில் தாளோடு நின்றபோது இவ்வளவும் ஒரு மூச்சில் விளங்கியது. பிழை எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. தேட வேண்டியிருந்தால் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும்.

உண்மையைச் சொல்வதானால் முதலில் வந்தது மறைக்கும் யோசனை. அக்கா வெளியே ஐஸ் லொறிக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்தது சங்கத்தின் பிரதி. ஆறு வரியோடு ஒன்றை அச்சிட்டு முத்திரை குத்தி இதன் இடத்தில் வைத்தால் இந்த அலுவலகத்தில் தடயமே இராது. ஒரு நிமிடம் அப்படி நின்றேன். ஆனால் படகின் பிரதி கடலில் இருந்தது.

கடலில் கடற்படை படகை மறித்தால் அடையாள அட்டைகளைப் பட்டியலோடு வைத்துப் பார்ப்பார்கள். பெயரில்லாத ஆள் ஒருவர் படகில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. களவாக வேறு நாட்டுக்கு ஆள் ஏற்றும் படகுகளைப் பற்றி இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. ஆளைத் தனியே கொண்டுபோய் விசாரிப்பார்கள். படகைக் கட்டி வைப்பார்கள். தனக்கு முன் நீட்டப்படும் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வாசிக்கத் தெரியாமல் அப்பா பதில் சொல்ல வேண்டி வரும்.

யுத்தத்தில் எங்கள் ஊரான சம்பூரை விட்டு வந்து முகாமில் இருந்த காலத்தில் ஒருமுறை நிவாரணப் பட்டியலில் எங்கள் குடும்பம் விடுபட்டுப் போனது. எனக்கு அப்போது விளங்கும் வயதில்லை, அம்மா சொன்னதுதான். அப்பாவின் முறை வந்ததும் பெயர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்ப நின்றாராம், இரண்டாம் முறை வரும்போது பெயர் வந்திருக்கும் என்று. அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அக்கா உள்ளே வந்ததும் தாளை நீட்டினேன். அவர் முதலில் பார்த்தது மேலே இருந்த எண்ணிக்கையைத்தான்.

"ஆறு. சரிதானே?"

"பேரை எண்ணுங்கோ அக்கா."

விரல் வைத்து எண்ணினார். ஐந்தாவதில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "உங்கட அப்பாவையெல்லோ காணேல்லை."

துறைமுக வாசலில் தாளைச் சரிபார்த்தவர்களும் அதே ஆறைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை என் நிரலில் வேறு இடத்திலிருந்து வந்தது. அது சரியாகவே அச்சாகியிருந்தது. அக்கா தன்னை நொந்துகொண்டார். கையால் எழுதிய காலத்தில் ஒவ்வொரு பெயரும் தன் விரலுக்குள்ளால் போனது, இப்போது வருவதைக் கிழித்துக் கொடுக்கிறேன் என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று தெரியவில்லை.

படகுகளோடு பேசும் ரேடியோ அந்த அறையின் மூலையில் இருந்தது. காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் எல்லாப் படகுகளும் அதைத் திறந்து வைத்திருக்கும். மற்ற நேரத்தில் இயந்திரச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காது. பத்து மணி கடந்துவிட்டது. இருந்தும் அக்கா படகின் பெயரைச் சொல்லி ஐந்தாறு தரம் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது.

நான் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் நல்ல மனிதர், பயந்தவர். சங்கம் எங்களை விட்டுவிட்டால் அடுத்த சங்கமும் வராது என்பது அவருடைய பயம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "லைப்ரரி பிழை எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார். "சும்மா இணையத்தில கிடந்து எடுத்ததுதானே. அதை எழுதினவன் இஞ்ச வந்து மறுக்கப் போறானே?"

மறுக்க மாட்டார்தான். என் பெயரோ இந்தத் துறைமுகமோ அவருக்குத் தெரியாது. ஆனால் நான் அவருடைய எழுத்தை வாசித்தவள். கவனம் என்று அவர் எழுதி வைத்ததற்குக் கீழேயே நான் என் தெரிவை வைத்தேன். லைப்ரரி நான் சொன்னதைச் செய்தது. பொய் சொல்வதற்கு எனக்குப் பெரிய மறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் நான் அதை வாசிக்கவில்லை என்றும் ஆகிவிடும். அது எனக்கு ஏலாமல் இருந்தது. "இல்லை சேர், என்ட பிழை எண்டுதான் சொல்லிப்போட்டன்" என்றேன். அந்த நேரத்தில் இன்னும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்.

மூன்று மணிக்கு இன்னொரு படகு புறப்பட இருந்தது. அப்பாவின் படகு வலை போடும் பக்கமாகத்தான் அதுவும் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும். பேனையால் ஒரு பெயரைச் சேர்த்து எழுதினால் தாள் செல்லாது. ஆகவே புதிய பட்டியல் ஒன்றை முத்திரையோடு அந்தப் படகில் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முதல் என் நிரல் ஆறு பேரை அச்சிட வேண்டும்.

மடிக்கணினியை அக்காவின் மேசையிலேயே விரித்தேன். ஒரு வரியின் உயரத்தைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தால் ஆறு பேரும் அடங்குவார்கள். அது ஒரு நிமிட வேலை. ஆனால் அதே போன்ற ஒரு நிமிட வேலைதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. லைப்ரரியைத் திறந்து, ஒவ்வொரு வரியும் தாளில் இறங்கியதும் அது எங்களுக்குச் சொல்லும் இடத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த இடத்தில் எண்ணும்படி எழுதினேன். தாளில் இறங்கிய பெயர்களும் பட்டியலில் உள்ள பெயர்களும் ஒத்துவராவிட்டால் பிரிண்டருக்கு ஒன்றும் போகக் கூடாது, திரையில் சிவப்பாக அறிவித்தல் வர வேண்டும். ஒரு வரியை மூன்று தரம் அடித்தேன். ஓட்டிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா ஒருவரையும் என்னோடு கதைக்க விடவில்லை.

முதலில் வேண்டுமென்றே வரியின் உயரத்தைப் பழையபடி வைத்து அச்சிடச் சொன்னேன். சிவப்பு அறிவித்தல் வந்தது. பிறகு எட்டாக்கினேன். ஆறு பேர் வந்தார்கள், ஆனால் அப்பாவின் அடையாள அட்டை இலக்கம் முத்திரைப் பெட்டியின் கோட்டில் முட்டியது. எழுத்தைக் குறைத்துத் திரும்ப அச்சிட்டேன். அக்கா ஒவ்வொரு பெயராக உரத்து வாசித்தார், நான் அடையாள அட்டைப் பதிவோடு பார்த்து ஓம் சொன்னேன். ஆறாவது பெயருக்கு மட்டும் இலக்கத்தை இரண்டு தரம் பார்த்தேன்.

தாளைச் சொப்பிங் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, காய்ந்த ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலனுக்குள் போட்டு மூடினோம். கடலில் படகுக்குப் படகு மாற்றுவது அப்படித்தான். கயிற்றில் கட்டி எறிவார்கள். தவறி விழுந்தாலும் மிதக்கும். மூன்று மணிப் படகின் ஓட்டி இறக்கக்கண்டியைச் சேர்ந்தவர். கலனைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மருந்தோ என்று கேட்டார். பட்டியலில் அப்பாவின் பெயர் விடுபட்டுப் போனது, என் பிழை என்றேன்.

"மறந்து போறதுக்குத்தானே மனிசர் இருக்கினம்" என்றார் அவர். "கம்பியூட்டரும் மறக்கத் தொடங்கினா எங்களுக்கு என்ன வேலை?" ஆனால் கலனை ஐஸ் அறைப் பக்கம் வைக்காமல், தான் நிற்கும் இடத்திலேயே கயிற்றால் கட்டினார்.

நாலு மணிக்கு அக்கா ரேடியோவைத் திறந்தார். படகுகள் ஒவ்வொன்றாகப் பேசின. அப்பாவின் படகு வந்ததும் அக்கா மைக்கை என் கையில் தந்தார். "நீங்களே சொல்லுங்கோ."

ரேடியோவில் பேசுவதை எல்லாப் படகுகளும் கேட்கும். எங்கள் பக்கத்தில் இருக்கும் முக்கால்வாசிப் பேருக்கு நான் யாருடைய மகள் என்று தெரியும். பல்கலைக்கழகம் போனவள் என்று தெரியும். அதை அப்பா சொல்லாத ஆள் இல்லை. நான் மைக்கின் பொத்தானை அழுத்தி, பட்டியலில் ஐந்து பேர்தான் அச்சாகியிருக்கிறது, அப்பாவின் பெயர் இல்லை, மென்பொருளில் நான் விட்ட பிழை, புதிய தாள் வருகிறது, அது கைக்கு வரும்வரை கவனமாக இருங்கள் என்று சொன்னேன்.

பதில் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினது, இன்னும் ஒருவரும் மறிக்கவில்லை என்று ஓட்டி சொன்னார். அப்பாவோடு பேசலாமா என்று கேட்டேன். திரும்பவும் இரைச்சல். பிறகு ஓட்டியின் குரல்: "அவர் வரமாட்டாராம், பிள்ளை."

லிங்கநகரில் வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சொல் என்னோடு இருந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வராததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிந்தது. இந்தப் பயணத்துக்கு முதல் கிழமை நாங்கள் சண்டை பிடித்திருந்தோம். இனிக் கடலுக்குப் போக வேண்டாம், என் சம்பளம் மூன்று பேருக்கும் காணும் என்று நான் சொன்னேன். உனக்கு உன்ட வேலை, எனக்கு என்ட வேலை என்றார். நான் விடவில்லை. அவர் புறப்பட்ட அன்று காலை நான் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் வேலைக்குப் போனேன். இப்போது அவருக்கு என்மேல் கோபம். அந்தக் கோபத்தோடு, பெயரில்லாத தாளோடு, எங்கேயோ இருக்கிறார். அம்மா சோறு போட்டுத் தந்தார். மீன் இல்லாத கறி.

மறுநாள் பத்து மணிக்கு முன்பே சங்கத்துக்குப் போய்விட்டேன். முதல் அழைப்பில் இறக்கக்கண்டிக்காரரின் படகு பேசவில்லை. அப்பாவின் படகும் பேசவில்லை. அக்கா மற்றப் படகுகளின் விவரங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பேனை ஓடும் வேகத்தைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அப்பாவின் படகு ஓட்டியின் குரல் வந்தது. கலன் கிடைத்துவிட்டது. தாள் நனையவில்லை. ஆறு பெயரையும் எண்ணிப் பார்த்தாயிற்று.

அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். அழவில்லை. பிறகு எழுந்து கோப்பு முழுவதையும் இறக்கி, இடம் விட்ட நாளிலிருந்து அச்சான ஒவ்வொரு பட்டியலையும் எண்ணினேன். ஆறு பேரோடு போன படகு இன்னும் ஒன்று இருந்தது. அது இரண்டு நாளுக்கு முன்பே சுகமாகத் திரும்பி வந்திருந்தது. அந்த ஆறாவது மனிதருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

அப்பாவின் படகு அடுத்த புதன்கிழமை காலை வந்தது. நான் முதலாளியிடம் சொல்லிவிட்டு இறங்குதுறைக்குப் போனேன். மீன் பெட்டிகள் இறங்கி முடியும்வரை அப்பா என் பக்கம் திரும்பவில்லை. பிறகு வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ரேடியோவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? எல்லாரும் கேக்க உன்னோட சண்டை பிடிக்கவோ?"

அவருக்கு நான் சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது. படகு குடாவைத் தாண்டுவதற்குள் தாளை வாங்கி எண்ணிப் பார்த்திருக்கிறார். எழுத்துத் தெரியாவிட்டாலும் வரி எண்ணத் தெரியும். அந்தப் படகில் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதால் கடைசி வரி தன்னுடையது என்பதும் தெரியும்.

"அஞ்சு வரிதான் கிடந்தது. சரி, மகள் என்னை மறிக்கிறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டாள் எண்டு நினைச்சன். திரும்பி வந்தா நீ வெண்டுபோடுவாய். அதால ஆருக்கும் சொல்லேல்லை."

"பிழை எண்டு நான் ரேடியோவில சொன்னது கேக்கேல்லையோ?"

"கேட்டது. நீ சமாளிக்கிறாய் எண்டுதான் இவங்களுக்கும் சொன்னனான். என்ட பிள்ளை பிழை விடாது, வேணுமெண்டுதான் விட்டவள் எண்டு."

இத்தனை நாளும் அவர் என்மேல் கோபமாக இருந்தது நான் அவரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டேன் என்பதற்காக. நான் தவறியிருப்பேன் என்ற யோசனை அவருக்கு வரவேயில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஓம் அப்பா, வேணுமெண்டுதான் என்று சொல்லியிருந்தால், அவர் இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பார்.

"பிழைதான் அப்பா" என்றேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். நான் தலை, நடு, அடி என்று தொடங்கினேன். பதினைந்து மில்லிமீற்றர் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த வெறும் மீன் பெட்டி ஒன்றைக் காட்டி, இதற்குள் மேலே போடும் ஐஸைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மூடி மூடாது. மூடாட்டி எங்களுக்குத் தெரியும்தானே."

"இது மூடினது அப்பா. கடைசி மீனை வெளிய விட்டுட்டு மூடினது. நான்தான் அப்பிடி மூடச் சொல்லி வைச்சனான்."

பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளங்கிவிட்டது என்று அவருடைய தோளில் தெரிந்தது.

"நீ ஆறு பேரைப் போட்டுப் பாக்கேல்லையோ?"

நான் படிக்கப்போன காலத்திலிருந்து என் படிப்பைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. முதலாளி கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

"இல்லை. அஞ்சு பேரைத்தான் போட்டுப் பாத்தனான்."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் படகடிக்கு நடந்தார். அங்கே ஓட்டியும் மற்ற நாலு பேரும் வலையை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவரும் வலையைப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து அவருடைய குரல், வழக்கத்தை விடத் தாழ்ந்து, எனக்குக் கேட்டது.

"வேணுமெண்டு விடேல்லையாம். பிழையாம்."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர்கள் வலையை மடித்து முடிக்கும்வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன்.